ஆய்வுத் திட்டத்துக்குக் கால நீட்டிப்பு: எங்கே சறுக்குகிறோம்?

மானியத்தில் நடக்கும் ஆய்வுகள் குறித்த தேதியில் முடிவது அபூர்வம். கருவி தாமதமாக வரும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இழுக்கும், ஆராய்ச்சி உதவியாளர் பாதியில் வேறு வேலைக்குப் போய்விடுவார். நீட்டிப்புக் கேட்க வெட்கப்பட வேண்டியதே இல்லை. கேட்கும் விதத்தில்தான் சறுக்குகிறோம்.

பெரிய தவறு, கடைசி மாதம்வரை காத்திருப்பது. ஆய்வுகளுக்கு மானியம் தரும் அமெரிக்க அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (NSF) விதிப்படி, பல்கலைக்கழகமே செய்துகொள்ளக்கூடிய முதல் நீட்டிப்புக்கு (அதிகபட்சம் 12 மாதம்) முடிவுத் தேதிக்கு 10 நாள் முன்பே தகவல் போயிருக்க வேண்டும். அதற்கு மேலும் காலம் வேண்டுமென்றால் அறக்கட்டளையின் ஒப்புதல் தேவை. 45 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். நாள்கணக்கு, மானியம் தரும் அமைப்புக்கு அமைப்பு மாறும். ஆனால் எங்கேயும் உங்கள் கடிதம் துறைத் தலைவர், நிதிப் பிரிவு, ஆராய்ச்சி அலுவலகம் என்று மேசை மேசையாக நகர்ந்த பிறகுதான் வெளியே போகும். அந்த நாட்களையும் கணக்கில் சேருங்கள். ஆறு மாதம் மிச்சமிருக்கும்போதே மீதி வேலையை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, சொல்லும் காரணம். "நிதி மீதமிருக்கிறது" என்பது காரணமே ஆகாது. மீதித் தொகையைச் செலவழிப்பதற்காக மட்டும் நீட்டிக்கக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டரசு மானிய விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. "எதிர்பாராத சூழ்நிலைகளால் தாமதம்" என்ற வரியும் எதையும் விளக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "120 மாதிரிகளில் 85 முடிந்தன. கருவி நான்கு மாதம் பழுதாகிக் கிடந்தது. மீதி 35 மாதிரிகளுக்கு ஐந்து மாதமும் பகுப்பாய்வுக்கு இரண்டு மாதமும் தேவை." படிப்பவருக்கு வேறு கேள்வியே எழாது. இதோடு புதிய ஆய்வுக் கேள்வி எதையும் நுழைக்காதீர்கள். நோக்கத்தை மாற்றுவதற்குத் தனி அனுமதி வேண்டும்.

கூச்சப்பட்டு மூன்று மாதம் மட்டும் கேட்பதும் ஆபத்துதான். எளிதாகக் கிடைக்கும் நீட்டிப்புப் பல இடங்களில் ஒரே ஒரு முறைதான். தேவையை ஒழுங்காகக் கணக்கிட்டு, முழுதாகக் கேளுங்கள்.

நிலுவையில் உள்ள ஆண்டறிக்கைகளை முதலில் அனுப்பிவிடுங்கள். அறிக்கை பாக்கி இருந்தால் கோரிக்கை அப்படியே நின்றுபோகலாம்.

என்னை மிகவும் வருத்துவது இன்னொன்று. வழக்கமான நீட்டிப்பில் நாள் கூடும், பணம் கூடாது. ஏழு மாதம் கேட்கிறோம். கையிருப்பு உதவியாளருக்கு மூன்று மாதச் சம்பளத்துக்குத்தான் வரும். அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. திட்டத்துக்கு நீட்டிப்புக் கிடைத்தாலும் அவருடைய நியமன ஆணை தானாக நீளாது. அதற்குத் தனிக் கோப்பு போட வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி, கூட்டாளி நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம், தரவுப் பயன்பாட்டு அனுமதி ஆகியவையும் பழைய தேதியிலேயே காலாவதியாகிவிடலாம். விண்ணப்பத்தை எழுதத் தொடங்கும் அன்றே உதவியாளரை உட்காரவைத்து, எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது என்று எண்ணைச் சொல்லிவிடுங்கள். வேறு வேலை தேட வேண்டுமா என்று முடிவெடுக்க அவருக்கும் நாள் வேண்டும்.