மூன்று நாள் லீவுக்கு அப்போஸ்ட்ரபி எங்கே போடுவது?

வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது, மூன்று வருட அனுபவம் என்பதை “த்ரீ இயர்’ஸ் எக்ஸ்பீரியன்ஸ்” என்று எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு அதிலிருந்த அப்போஸ்ட்ரபி (’) குறியில் வட்டம் போட்டுத் தந்தார். ஏன் பிழை என்று விளங்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

“ரவி’ஸ் சைக்கிள்” என்றால் ரவியுடைய சைக்கிள். அது காதுக்கே பிடிபடும். ஆனால் நாம் மூன்று நாள் லீவு என்கிறோம். 500 ரூபாவுக்குத் தயிர் வாங்குகிறோம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஒரு மணித்தியாலப் பயணம் என்கிறோம். எதிலும் ‘உடைய’ வருவதில்லை. ஆங்கிலம் மூன்றையும் உடைமை போலவே எழுதும். அதனால் காதை நம்பாமல் கீழே உள்ளபடி செய்யுங்கள்.

முதலில் ஒன்றா, பலவா என்று பாருங்கள். ஒரு நாள் என்றால் டே, மூன்று நாள் என்றால் டேஸ்.

இரண்டாவதில்தான் நான் சறுக்கினேன். அந்தச் சொல்லை முழுதாக எழுதி முடியுங்கள், அதுவரை குறியைத் தொடவே வேண்டாம். பன்மைக்குரிய எஸ் ஏற்கெனவே கடைசியில் இருந்தால் அதற்குப் பின்னால் குறி மட்டும்: “த்ரீ டேஸ்’ லீவ்”, “த்ரீ இயர்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ்”. எஸ் இல்லையென்றால் குறியும் எஸ்ஸும் சேர்த்து: “வன் டே’ஸ் லீவ்”, “அன் அவர்’ஸ் ஜேர்னி”. உச்சரிப்பில் டே’ஸ், டேஸ்’ இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் எழுத்தில் மட்டுமே. நான் எழுதியது ஒரேயொரு வருடம் என்பதற்கான வடிவம், முன்னால் நின்றதோ மூன்று.

தூரத்துக்கும் இதேதான். கல்லெறி தூரம் “அ ஸ்டோன்’ஸ் த்ரோ”, பத்து மீட்டர் தூரம் “டென் மீட்டர்ஸ்’ டிஸ்டன்ஸ்”.

மூன்றாவதாக, ‘ஒஃப்’ (of) போட்டுத் திருப்பிப் பாருங்கள். “லீவ் ஒஃப் த்ரீ டேஸ்” பொருந்துகிறது, ஆகவே குறி வேண்டும். “த்ரீ டேஸ் லேட்”, “ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்”, “டென் கிலோமீட்டர்ஸ் அவே” எதையும் அப்படித் திருப்ப முடியாது, குறியும் கிடையாது.

பழகும்போது கொப்பியும் பென்சிலும்தான் நல்லது. ஃபோனில் தட்டினால் கீபோர்ட் தானே திருத்துகிறேன் என்று குறியை இடம் மாற்றிவிடும், கை பழகாது.

பின்சேர்ப்பு: இதை வாசித்த ஒரு தங்கச்சி, “அ த்ரீ-டே ட்ரிப்” என்பதில் குறியைக் காணோமே என்று கேட்டார். அங்கே நடுவில் சிறு கோடு போட்டு இரண்டு சொல்லையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அப்படி வந்தால் பன்மை எஸ்ஸும் இல்லை, அப்போஸ்ட்ரபியும் இல்லை.

இன்னொருவர் காசைப் பற்றிக் கேட்டிருந்தார். எழுத்தில் எழுதினால் “ஃபைவ் ஹன்ட்ரட் ருப்பீஸ்’ வேர்த் ஒஃப் கேர்ட்”, குறி கட்டாயம். ரூ. 500 என்று இலக்கத்தில் போட்டால் அதற்குப் பின்னால் நேரே வேர்த் எழுதினால் போதும்.