போர்ட் ஃபோல்டரைத் தொடும் முன்: பல தளங்களில் ஓட வேண்டிய சி லைப்ரரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி மொழியில் எழுதிய பழைய புராடக்ட் எதைத் திறந்தாலும் உள்ளே 'போர்ட்' என்றோ 'காமன்' என்றோ ஒரு ஃபோல்டர் இருக்கும். ஃபைல் திறப்பது, மணி கேட்பது, மெமரி ஒதுக்குவது, த்ரெட் கிளப்புவது, ஸ்ட்ரிங் நகலெடுப்பது என்று எல்லாவற்றுக்கும் சொந்தமாக ஓர் உறை போட்டு வைத்திருப்பார்கள். அடியில் ஓடுவது விண்டோஸா, லினக்ஸா, சின்ன மைக்ரோகன்ட்ரோலரா என்ற கவலை மேலே கோடு எழுதுபவருக்கு வரக் கூடாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. சென்னையின் ஓஎம்ஆர் கட்டடங்களில் சர்வர் மென்பொருள் செய்பவர்களிடமும் இது இருக்கும், அம்பத்தூரிலும் கிண்டியிலும் மீட்டர், பில்லிங் மெஷின் செய்யும் பட்டறைகளிலும் இருக்கும். எழுதியவர் பெரும்பாலும் வேலை மாறிப் போயிருப்பார். புதிதாகச் சேர்ந்தவர் தலையில் அது வந்து விழும்.

அங்கே வரும் கோளாறுகளில் பெரும்பகுதிக்கு வேர் ஒன்றுதான்: தன் லேப்டாப்பில் நடப்பதையெல்லாம் சி மொழி கொடுத்த வாக்கு என்று எடுத்துக்கொள்வது. சி ஸ்டாண்டர்ட் பல விஷயங்களில் வேண்டுமென்றே வாய் திறக்காது. அந்த இடங்களை கம்பைலரும் ப்ராசஸரும் ஆபரேட்டிங் சிஸ்டமும் ஆளுக்கொரு விதமாக நிரப்பிக்கொள்ளும்.

லேப்டாப்பில் ஓடுகிறது, போர்டில் தொங்குகிறது

சார் வகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பைட் கொள்ளும் இந்த எளிய வகைக்கு மைனஸ் எண் உண்டா இல்லையா என்று ஸ்டாண்டர்ட் முடிவு செய்யவில்லை. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் வழக்கமான கம்பைலர்கள் உண்டு என்கின்றன; அதாவது -128 முதல் 127 வரை. ஏஆர்எம் லினக்ஸில் 0 முதல் 255 வரை. ரிஸ்க்-ஃபைவிலும் அப்படியே. ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி ப்ராசஸர்கள் ரிஸ்க்-ஃபைவ் வகை என்பதால், இந்த ஊரில் இதில் தடுக்கி விழ ஆட்களுக்குப் பஞ்சம் இருக்காது. சரி, ஏஆர்எம் என்றால் மைனஸ் இல்லை என்று மனப்பாடம் செய்துவிடலாமா? ஆப்பிளின் ஏஆர்எம் மேக்கில் மறுபடியும் மைனஸ் உண்டு.

இதில் அடிக்கடி மாட்டுவது கெட்சார் லூப். கெட்சார் திருப்பித் தருவது இன்ட். ஃபைல் முடிந்தால் இஓஎஃப், நடைமுறையில் -1. அதை ஒரு சார் மாறியில் வாங்கி -1 உடன் ஒப்பிட்டால், ஏஆர்எம் போர்டில் (சிப் பொருத்திய சர்க்யூட் பலகையில்) அந்த மாறி -1 ஆகவே முடியாது. லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் லூப் முடியும். ஆனால் தரவில் 255 என்ற பைட் வந்தால், ஃபைல் பாதியில் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். இரண்டிலுமே கோடு தப்பு, போர்டில் மட்டும் அது கண்ணுக்குத் தெரிகிறது. மாறியை இன்ட் ஆக்கினால் வேலை முடிந்தது.

இது எழுத்தா, இடைவெளியா என்று பார்க்கும், பெரிய எழுத்தாக மாற்றும் இஸ்ஆல்ஃபா, இஸ்ஸ்பேஸ், டுஅப்பர் குடும்பம் இதைவிட மோசமாக ஒளிந்துகொள்ளும். இவற்றுக்கு 0 முதல் 255 வரையோ இஓஎஃபோதான் கொடுக்க வேண்டும் என்பது விதி. தமிழ் யூனிகோட் தொகுதியில் உள்ள குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும். முதல் பைட் 224, அடுத்தது 174 அல்லது 175. மைனஸ் உள்ள சார் வழியே பார்த்தால் அந்த 224, -32 ஆகிவிடும். ஆக, ஆங்கிலத்தை மட்டும் வைத்து டெஸ்ட் செய்த கோடில் ஒருவர் தன் பெயரைத் தமிழில் தட்டினாலே விதி மீறப்படுகிறது. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி இதற்காகவே உள்ளட்டவணையை -128 வரை நீட்டி வைத்திருப்பதால் சத்தமே வராது. மைக்ரோசாஃப்ட் டீபக் பில்டில் அசர்ஷன் பெட்டி எகிறும். வேறு சில லைப்ரரிகளில் அட்டவணைக்கு வெளியே உள்ள குப்பையைப் படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

அன்சைன்டு சாராக மாற்றிக் கொடுப்பது பாடப்புத்தகத் தீர்வு. என்னைக் கேட்டால், போர்ட் ஃபோல்டரில் ஆஸ்கி எழுத்துகளுக்கு மட்டும் சொந்தமாகச் சின்னச் சார்புகள் (ஃபங்ஷன்கள்) எழுதிக்கொள்வது மேல். லோக்கேல் (மொழி, நாட்டு செட்டிங்) மாறினாலும் அவை மாறாது. தமிழுக்கு இஸ்ஆல்ஃபா எப்படியும் உதவாது. ஒற்றை பைட்டைப் பார்த்து அது எழுத்தா என்று எப்படிச் சொல்வது?

கம்பைலருக்குக் கொடி (ஆப்ஷன்) காட்டி எல்லாத் தளத்திலும் சாரை ஒரே மாதிரி ஆக்கிவிடலாமே என்பார்கள். இரவு பத்து மணிக்கு ரிலீஸ் போக வேண்டுமென்றால் செய்யுங்கள். அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டால், கோடு வேறு ஒருவரின் பில்டுக்குள் போகும் நாளில் பழைய பக் திரும்பி வரும்.

அளவுகள்

லாங் வகை 64-பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 8 பைட், 64-பிட் விண்டோஸில் 4. இதற்குமேல் இதில் பேச ஒன்றும் இல்லை. அளவு முக்கியமான இடத்தில் அகலம் குறித்த இன்ட் வகைகளைப் பயன்படுத்துங்கள். ஸ்ட்ரக்சரை அப்படியே ஃபைலில் கொட்டாமல் ஒவ்வொரு உறுப்பாக, பைட் வரிசையை நீங்களே முடிவு செய்து எழுதுங்கள்.

அகல எழுத்தான டபிள்யூசார் வகை விண்டோஸில் 2 பைட், லினக்ஸில் 4. தமிழை வைத்து டெஸ்ட் செய்தால் இது பிடிபடாது, ஏனென்றால் நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அகல எழுத்தில் இரண்டு பைட்டுக்குள் அடங்கிவிடும். வேண்டுமானால் முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னக் குறிகளைப் போட்டுப் பாருங்கள். 2019இல் யூனிகோட் 12 சேர்த்த தமிழ் இணைப்புத் தொகுதியில் அவை இருக்கின்றன. இரண்டு பைட்டில் அடங்காதவை. எமோஜியாலும் இதே டெஸ்ட்டைச் செய்யலாம், ஆனால் காணியை வைத்துச் செய்வதில் ஒரு தனி சுகம்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்

விண்டோஸில் சாதாரண எஃப்ஓப்பன் ஃபைல் பெயரை அந்தக் கணினியின் ஏஎன்எஸ்ஐ கோட்பேஜ் (பழைய எழுத்து-எண் அட்டவணை) வழியாகப் படிக்கும். பிரெஞ்சுக்கும் ரஷ்ய மொழிக்கும் அப்படி ஒரு கோட்பேஜ் உண்டு, தமிழுக்கு இல்லை. அதனால் 'பட்டியல்' என்று பெயர் வைத்த ஃபைலை, இயல்பான செட்டிங்கில், எஃப்ஓப்பனால் திறக்கவே முடியாது. லைப்ரரிக்குள் பெயரை எப்போதும் யுடிஎஃப்-8 ஆக வைத்துக்கொண்டு, விண்டோஸ் வாசலில் மட்டும் அகல எழுத்தாக மாற்றி அகல எழுத்து ஓப்பனை அழைப்பதுதான் எல்லாப் பதிப்பிலும் செல்லுபடியாகும் வழி. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து, மேனிஃபெஸ்டில் (நிரலோடு வரும் விவரக் குறிப்பில்) ஒரு வரி சேர்த்து அந்த நிரலுக்கான கோட்பேஜையே யுடிஎஃப்-8 ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் லைப்ரரி எழுதுபவருக்கு அது உதவாது. மேனிஃபெஸ்ட், நிரல் எழுதுபவர் கையில் அல்லவா இருக்கிறது.

மேக்கில் வேறு கதை. 'கொடி' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோட் இரண்டு விதமாக எழுத விடுகிறது: ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். நீங்கள் ஒரு குறியாகக் கொடுத்த பெயர், ஃபோல்டரைப் பட்டியலிடும்போது இரண்டாகத் திரும்பி வரும். ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டால் பொருந்தாது. லினக்ஸில் இதே இரண்டு பெயர்களும் இரண்டு தனித்தனி ஃபைல்கள். இங்கே பலர் செய்யும் அடுத்த தவறு, எல்லாப் பெயரையும் சேர்ப்பு வடிவத்துக்கு மாற்றி அதையே ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுப்பது. லினக்ஸில் பிரித்த வடிவில் இருக்கும் ஃபைல் அப்புறம் கிடைக்காமலே போகும். ஒப்பிட மட்டும் வடிவத்தை மாற்றுங்கள், திறக்கும்போது சிஸ்டம் தந்த பைட்களை அப்படியே கொடுங்கள்.

யார் ஒதுக்கினார், யார் விடுவிக்கிறார்

லைப்ரரி மாலாக் செய்து (மெமரி ஒதுக்கி) ஒரு ஸ்ட்ரிங் தருகிறது. அழைத்தவர் ஃப்ரீ செய்கிறார். லினக்ஸில் பொதுவாக ஒரு ப்ராசஸுக்கு ஒரே சி லைப்ரரி என்பதால் வருடக்கணக்கில் பிரச்சினையே வராது. விண்டோஸில் ஒவ்வொரு டிஎல்எல்லும் (தனி லைப்ரரி ஃபைலும்) தனக்கென்று ஒரு சி ரன்டைமை இழுத்துக்கொண்டு வரலாம், ஒவ்வொன்றுக்கும் ஹீப் (மெமரிக் கிடங்கு) தனி. ஒரு கடையில் வாங்கிய சோடா பாட்டிலை அடுத்த தெருக் கடையில் கொடுத்து டெபாசிட் கேட்கிற கதைதான். விஷுவல் ஸ்டுடியோ 2015இல் யூனிவர்சல் சிஆர்டி என்ற பொது சி ரன்டைம் வந்தபின் இது குறைந்திருக்கிறது. ஆனாலும் ஸ்டாட்டிக்காக இணைத்த டிஎல்எல், டீபக்-ரிலீஸ் கலப்பு, பழைய எம்எஸ்விசிஆர்டியோடு வரும் மிங்டபிள்யூ பில்டு என்று வழி இன்னும் திறந்தே இருக்கிறது. ஒதுக்கிய லைப்ரரியே விடுவிக்கும் சார்பையும் தர வேண்டும். ஃபைல் பாயின்டரையும் டிஎல்எல் எல்லை தாண்டி அனுப்பாதீர்கள்.

கஸ்டமர் சர்வரில் ஏறாத பைனரி

உபுண்டு 22.04இல் கட்டிய பைனரியைக் கஸ்டமரின் ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 சர்வரில் போட்டால், ஜிலிப்சி 2.34 இல்லை என்று சொல்லி நின்றுவிடும். முதலாவதில் ஜிலிப்சி 2.35, இரண்டாவதில் 2.28. நாங்கள் புதிய சார்பு எதையும் அழைக்கவில்லையே என்று கேட்பார்கள். 2021இல் வந்த 2.34, த்ரெட் லைப்ரரியை சி லைப்ரரிக்குள்ளேயே சேர்த்தது. நிரலைத் தொடங்கி வைக்கும் சிம்பலுக்கே அப்போது புதிய பதிப்பு எண் வந்தது. ஆகவே ஒரே ஒரு வரி அச்சிடும் நிரல்கூடத் தப்பாது.

இந்த நேரத்தில் யாராவது ஒருவர், நம் மெஷினில் இருந்து சி லைப்ரரி ஃபைலை காப்பி செய்து அங்கே போட்டுவிடலாம் என்பார். தடுத்து நிறுத்துங்கள். அந்த சர்வரின் மற்ற கட்டளைகளும் அதே ஃபைலைத்தான் நம்பியிருக்கின்றன, சரிசெய்ய உள்ளே நுழையக்கூட முடியாமல் போகலாம். ஆதரிக்க வேண்டிய மிகப் பழைய டிஸ்ட்ரோவின் கன்டெய்னரில் பில்டு செய்வதுதான் வழி. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். ஜிலிப்சி அந்தத் திசையை மட்டும் கவனமாகக் காப்பாற்றுகிறது.

மசில் என்ற வேறொரு சின்ன சி லைப்ரரியோடு ஸ்டாட்டிக்காக இணைப்பது இன்னொரு வழி, ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் இருப்பதும் அதுதான். அங்கே போனதும் த்ரெட்டுகள் காரணமில்லாமல் சாவதாகப் புகார் வரும். ஜிலிப்சியில் ஒரு த்ரெட்டின் ஸ்டாக் வழக்கமாக 8 எம்பி, மசிலில் இப்போது 128 கேபி. சார்புக்குள் பெரிய அரே ஒன்றை வைத்திருந்தால் அவ்வளவுதான். த்ரெட் கிளப்பும் உறையில் ஸ்டாக் அளவை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். வரிசைப்படுத்தும் க்யூசார்ட்டும் இப்படித்தான்: சமமான உறுப்புகளின் வரிசையைக் காப்பேன் என்று அது எங்கும் சொன்னதில்லை. ஜிலிப்சி நெடுங்காலம் மெர்ஜ் சார்ட்டை நம்பியிருந்ததால் வரிசை காப்பாற்றப்பட்டது. மசில் ஸ்மூத்சார்ட் பயன்படுத்துவதால் ரிப்போர்ட்டின் வரிகள் இடம் மாறும்.

சிஸ்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள்

'லினக்ஸ் என்றால் இது, இல்லையென்றால் அது' என்று எழுதிய இஃப்டெஃப் வரிகள் (எந்தக் கோடு கம்பைல் ஆக வேண்டும் என்று தீர்மானிப்பவை) ஆண்ட்ராய்டிலும் ஆல்பைனிலும் உடையும். இரண்டுமே லினக்ஸ், இரண்டிலும் ஜிலிப்சி கிடையாது. மசில் தன்னை அடையாளம் காட்ட ஒரு மேக்ரோகூடத் தருவதில்லை, வேண்டுமென்றே. பிழை எண்ணுக்கு விளக்கம் தரும் ஸ்ட்ரெரர்-ஆர் சார்பு ஜிஎன்யூ வடிவில் ஸ்ட்ரிங்கைத் தரும், போசிக்ஸ் வடிவில் இன்ட்டைத் தரும். எது கிடைக்கும் என்பதை சிஸ்டத்தின் பெயர் சொல்லாது. கட்டும்போதே ஒரு சின்ன நிரலை கம்பைல் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆட்டோகான்ஃப், சிமேக் என்ற பில்டு கருவிகள் இரண்டிலும் இதற்கு வசதி இருக்கிறது.

சொந்தச் சார்புகளுக்கு முன்னொட்டு வைக்க மறக்காதீர்கள். ஸ்ட்ரிங் நகலெடுக்கும் ஸ்ட்ரெல்காப்பி ஜிலிப்சியில் இல்லை என்று அதே பெயரில் சொந்தமாக எழுதி வைத்தவர்கள், 2023இல் ஜிலிப்சி 2.38 அதைச் சேர்த்தபோது பில்டு எரர்களோடு உட்கார நேர்ந்தது.

நேரம்

நேரத்தை வைக்கும் 32-பிட் டைம்-டி வகை 2038 ஜனவரி 19 அன்று நிரம்பும். நம் மணிக்கு அது காலை 8:44:07, ஆபீஸ் போகும் நேரம். ஜிலிப்சி 2.34 முதல் 32-பிட் தளங்களிலும் 64-பிட் நேரத்தைக் கேட்டு வாங்கலாம், மசில் 1.2 தானாகவே மாறிவிட்டது. ஆனால் நேரத்தை 4 பைட்டாக ஃபைலிலோ பாக்கெட்டிலோ எழுதும் உங்கள் கோடை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். சுவரில் மாட்டினால் பல வருடம் இறங்காத மீட்டருக்குள் போகும் கோடு என்றால் இன்றே பாருங்கள்.

சென்னையில் டெஸ்ட் செய்வதில் ஒரு நன்மையும் ஒரு பொறியும் உண்டு. ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்பதால், டைம்சோனை முழு மணியாக வைத்து எழுதிய கோடு இங்கே உடனே மாட்டிக்கொள்ளும். கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளும் பழக்கம் நமக்கு இல்லாததால், அது சார்ந்த பக் எதுவும் இங்கே தலை காட்டாது. டெஸ்ட்டுகளை லண்டன், நியூயார்க் டைம்சோனிலும் ஒருமுறை ஓட்டுங்கள். இடைவெளியை அளக்க, பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தையே கேளுங்கள். சுவர்க் கடிகாரத்தை, நெட்வொர்க் வழியே நேரம் திருத்தும் என்டிபி பின்னுக்குத் தள்ளினால் டைம்அவுட் கணக்கு மைனஸில் போகும்.

கோளாறு தேடும்போது

ஆப்டிமைசேஷனை நிறுத்தினால் ஓடுகிறது, போட்டால் விழுகிறது, ஆகவே கம்பைலர் பக் என்று டிக்கெட்டை மூடுவது மிகப் பழைய தவறு. பெரும்பாலும் நம் கோடில் ஏதோ ஒரு மாறிக்குத் தொடக்க மதிப்பு இல்லை, அல்லது இன்ட் வரம்பு தாண்டுகிறது, அல்லது பைட் பஃபரை இன்ட் பாயின்டராக மாற்றிப் படிக்கிறோம். கடைசியாகச் சொன்னது கார்டெக்ஸ்-எம்0 சிப்பில், முகவரி நாலால் வகுபடாவிட்டால், ஹார்டு ஃபால்ட்டில் போய் நிற்கும். எம்4 சிப்பில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மெம்காப்பி செய்து படித்தால் எங்கும் சரி, அதைத் தேவையான இடத்தில் ஒற்றைக் கட்டளையாகச் சுருக்க கம்பைலருக்குத் தெரியும்.

போர்டில் தசம எண் மட்டும் அச்சாகவில்லை என்றால் ஹார்டுவேரைச் சந்தேகிக்கும் முன் சிப்புகளுக்கான சின்ன சி லைப்ரரியான நியூலிப்-நானோவைப் பாருங்கள். இடம் மிச்சம் பிடிக்க அது பிரின்ட்எஃப்பில் ஃப்ளோட்டை விட்டுவிட்டுத்தான் வரும், லிங்கரிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஆர்டிஓஎஸ் (சிப்புகளுக்கான சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம்) மேல் ஓட்டினால், மாலாக் பூட்டுச் சார்புகளை யாராவது நிரப்பியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். காலியாக விட்டால் இரண்டு டாஸ்க் ஒரே நேரத்தில் ஹீப்பில் கைவைக்கும், அது எப்போதாவது ஒருமுறைதான் வெடிக்கும்.

கடைசிப் பிழையின் எண்ணை வைத்திருக்கும் எர்நோவை லாக் எழுதிய பிறகு படிக்காதீர்கள். லாக் சார்பே அதை மாற்றியிருக்கலாம். முதலில் ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தளத்தின் ஹார்டுவேரும் கையில் இல்லையே என்றால், கியூஇஎம்யு எமுலேட்டரை வைத்து லேப்டாப்பிலேயே ஏஆர்எம், ரிஸ்க்-ஃபைவ் பைனரிகளை ஓட்டலாம். உயர் மதிப்புள்ள பைட் முதலில் வரும் பிக் எண்டியனுக்கு ஐபிஎம்மின் எஸ்390எக்ஸ் போதும். அட்ரஸ் சானிடைசர், அன்டிஃபைன்டு பிஹேவியர் சானிடைசர் என்ற பிழை பிடிக்கும் கருவிகள் இரண்டையும் போட்டு டெஸ்ட்டுகளை ராத்திரியில் ஓடவிடுங்கள். கியூஇஎம்யு டைமிங்கைச் சரியாகக் காட்டாது என்பதால், ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் உண்மையான ஏஆர்எம் போர்டு ஒன்று வாங்கி ஆபீஸ் நெட்வொர்க்கில் மாட்டி வைப்பதும் வீண் செலவு ஆகாது.

அப்புறம், கட்டிப் பார்க்க மெஷினே இல்லாத தளத்துக்கான இஃப்டெஃப் வரிகளை அழித்துவிடுங்கள். என்றைக்காவது வேண்டும் என்று வைத்திருப்பார்கள். இடையில் யார் யாரோ அதையும் சேர்த்தே திருத்தியிருப்பார்கள், கம்பைல் ஆகிறதா என்றுகூட யாருக்கும் தெரியாது. பழைய பதிப்பு 'கிட்' பதிப்புக் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது; கேட்கிற கஸ்டமர் வந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.