மலையேறும் முன் வரைபடத்தைச் சோதிப்பது எப்படி?

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) பெரும்பாலும் 20 மீட்டர் உயர இடைவெளியில் இருக்கும். 15 மீட்டர் செங்குத்துப் பாறை அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். முதலில் ஓரத்தில் அச்சிட்டிருக்கும், நில அளவை செய்த ஆண்டைப் பாருங்கள். பழைய தாளில் முகட்டையும் ஓடையையும் நம்பலாம். ஒற்றையடிப் பாதையை நம்பாதீர்கள், உண்ணிப் புதர் மூடியிருக்கும்.

செல்பேசி வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி, ஏரோப்ளேன் மோடில் திறந்து பாருங்கள் (பலர் விடுவது இதைத்தான்). அதன் உயரக் கோடுகள் பெரும்பாலும் விண்வெளியிலிருந்து எடுத்த அளவுகள். அடர்காட்டில் மர உயரமும் கலந்துவிடும்.

நேரக் கணக்கு: 5 கி.மீ.க்கு 1 மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. மூட்டை கனத்தால் இதுவும் போதாது.