4294967297: பகா எண் என்று ஏமாந்துபோகும் இடங்கள்

இந்த எண் 2³² + 1. வாசிப்பதிலேயே முதல் தவறு நேர்கிறது. 4,294,967,297 என்று மும்மூன்று இலக்கமாகக் காற்புள்ளி இட்டிருந்தால் அதை 4 கோடிச் சொச்சம் என்று படித்துவிடுவது எளிது. நம் முறையில் இது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

அடுத்தது, சீக்கிரம் நிறுத்திவிடுவது. இலக்கங்களைக் கூட்டினால் 59. எனவே 3 வகுக்காது. 7-க்கும் 11-க்கும் மீதி 5, 13-க்கு மீதி 10. இப்படியே 631 வரையுள்ள 115 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலும் ஒன்றும் சரியாக வகுக்காது. அங்கே அலுத்துப்போய்ப் ‘பகா எண்’ என்று எழுதிவிட்டால் விடை தவறு. அதற்கு அடுத்த பகா எண்ணே வகுக்கிறது: 641 × 6700417. எதுவரை சோதிக்க வேண்டும் என்பதை வர்க்கமூலம்தான் சொல்லும்; இங்கே அது 65536-ஐ விடத் துளி அதிகம்.

அவ்வளவு தூரம் வரிசையாகப் போகவும் தேவையில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64k + 1 என்ற வடிவில்தான் இருக்கும் என்று கணிதவியலர் ஆய்லர் நிறுவியிருக்கிறார். அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே காரணி சிக்கிவிடுகிறது!

கிடைத்த 6700417 பகா எண்தான் என்று சோதிக்காமல் விடுவதும் பிழை. அதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். 641 முதல் அதுவரை அதே வடிவில் 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழு பகா எண்களே உள்ளன, ஏழும் வகுக்கவில்லை. ஆகவே அது பகா எண்.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்த்து விதி வகுக்கும் தவறு கணிதவியலர் ஃபெர்மாவுக்கே நேர்ந்தது. 2-இன் 1, 2, 4, 8, 16 ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள் என்பதால், அடுக்கை இப்படியே இரட்டித்துக்கொண்டு போகும் இந்த வரிசை முழுவதும் அப்படியே என்று நம்பினார். 1732-இல் ஆய்லர் இந்த ஆறாவது எண்ணைப் பிரித்துக் காட்டினார்.

இன்னும் நுட்பமான பொறி ஃபெர்மா சோதனை. எண்ணை N என்போம். அடிமானமாக ஓர் எண்ணை எடுத்து, அதை N − 1 அடுக்குக்கு உயர்த்தி N-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனை; வராவிட்டால் N பகா எண் அல்ல. 2³² + 1 = N என்பதால் 2³²-ஐ N-ஆல் வகுத்த மீதியை −1 எனலாம்; அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. N − 1 என்பது 64-இன் மடங்கு. ஆகவே 2-ஐ அடிமானமாக வைத்தால் N பகு எண்ணாக இருந்தும் சோதனையில் தேறிவிடும். 3-ஐ அடிமானமாக வைத்தால் தேறாது. ஓர் அடிமானத்தோடு ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

நிரல் எழுதும்போது 32 பிட் குறியில்லா (unsigned) மாறியில் இதைப் போட்டால் உள்ளே வெறும் 1 நிற்கும், ஏனென்றால் உச்ச அளவான 4294967295-ஐ இது 2-ஆல் தாண்டுகிறது. 64 பிட்டில் எண் அடங்கும், அதன் வர்க்கம் அடங்காது. 18446744082299486209 வர வேண்டிய இடத்தில் 8589934593 வரும். பிழைச் செய்தி எதுவும் வராமல் போகலாம் என்பதால், பெருக்கலை 128 பிட்டில் செய்துவிட்டு மீதியை எடுங்கள்.