களக்குறிப்பை அன்றிரவே எழுதுங்கள்

மானிடவியல் முதுகலை ஆய்வேட்டுக்காகச் சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலோ சிராங்கூன் சாலைப் பூக்கடைகளிலோ ஆட்களைச் சந்திக்கிறீர்களா? அங்கே கண்டதையும் கேட்டதையும் பதியும் களக்குறிப்பை அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுநாளும் பேச்சு நினைவிருக்கும். ஆனால் பூக்கட்டும் கை எந்தக் கேள்விக்கு ஒரு நொடி நின்றது என்பது மறந்துபோகும். பூக்கார அம்மா ‘முழம்’ என்றால் ‘முழம்’ என்றே எழுதுங்கள், ஆங்கில அளவாக மாற்றாதீர்கள். அந்தச் சொல்லில்தான் உங்கள் ஆய்வே இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வருமுன் நேர்காணலைத் தொடங்கவே கூடாது.

பழைய செய்திகளுக்குத் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில், 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் இதழ்களைத் தேடிப் பாருங்கள்.

வாய்மொழித் தேர்வு இருந்தால், “ஏன் இத்தனை பேரை மட்டும் நேர்காணல் செய்தீர்கள்?” என்று அநேகமாகக் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். யாரை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.