வின்ஸ் டிமாஜியோவின் கணக்கைப் படிப்பது எப்படி

அமெரிக்க பேஸ்பாலில் டிமாஜியோ என்றால் ஜோ. 1941இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் (பந்தை அடித்து, அவுட்டாகாமல் பேஸ் எனும் ஓட்ட நிலையை எட்டுவது) அடித்த அதே ஜோ. கடைசித் தம்பி டொமினிக், பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக ஆடி ஏழு முறை ஆல்-ஸ்டார் (சிறந்த வீரர்களின் சிறப்பு ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனவர். இந்த இருவருக்கும் அண்ணன் வின்ஸ். மூவரும் சென்டர் ஃபீல்டர்கள், அதாவது வெளிமைதானத்தின் நடுப்பகுதியைக் காப்பவர்கள். புள்ளிவிவர அட்டவணையில் வின்ஸின் சராசரி .249 என்று கண்டதும் பக்கத்தை மூடிவிடுகிறவர்களே அதிகம். மூடாமல் படிக்கும் முறை இது.

முதலில் கிரிக்கெட் பழக்கத்தை ஓரம் வையுங்கள். இங்கே சராசரி என்பது ஹிட்டை அட்-பேட்டால் (பேட் பிடித்த முறைகள், வாக் போன்றவை நீங்கலாக) வகுப்பது: 959 ÷ 3849 = .249. வாக் வாங்கி (பந்து வீசுபவர் நான்கு தவறான பந்து வீசியதால்) முதல் பேஸுக்குப் போனது இதில் ஹிட்டாகவும் வராது, அட்-பேட்டாகவும் வராது. ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றிவரும் ஹோம் ரன்னுக்கும், முதல் பேஸோடு நிற்கும் சாதாரண ஒற்றை ஹிட்டுக்கும் ஒரே மதிப்புதான். இந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் தப்பாகத்தான் போகும்.

அடுத்து, மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடாதீர்கள். வின்ஸ் 1937 முதல் 1946 வரை ஆடியது 1110 ஆட்டம், ஜோ 1736. எத்தனை அட்-பேட்டுக்கு ஒரு ஹோம் ரன் என்று வகுத்துப் பாருங்கள். ஜோ 6821 ÷ 361, ஏறக்குறைய 19. வின்ஸ் 3849 ÷ 125, சுமார் 31. டொமினிக் 5640 ÷ 87, சுமார் 65. சராசரியில் .298 வைத்திருக்கும் தம்பியைவிட .249 அண்ணனுக்கு இரண்டு மடங்கு அடிக்கும் பலம்.

பலவீனமும் அதே வகுத்தலில் வெளியே வந்துவிடும். வின்ஸ் 837 முறை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி அவுட்), அதாவது 4.6 அட்-பேட்டுக்கு ஒன்று. ஜோவுக்கு 18.5க்கு ஒன்று. ஆறு சீசன்களில் நேஷனல் லீகில் (இரு பெரிய லீகுகளில் ஒன்று) அதிக ஸ்ட்ரைக்அவுட் வின்ஸுடையதுதான். 1938இல் வாங்கிய 134 அன்றைக்குச் சாதனை. இதை மழுப்ப வேண்டாம்.

மைதானத்தையும் கவனியுங்கள். வின்ஸ் வலது கை பேட்டர்; அவர்கள் பலமாக அடிக்கும் பந்து பெரும்பாலும் இடப்பக்கம் போகும். அவருடைய பிட்ஸ்பர்க் அணியின் மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் இடது ஓரச் சுவரே 365 அடி தூரம். அங்கே ஆடிக்கொண்டு 1941இல் 21 ஹோம் ரன், 100 ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்) எடுத்தார். 1943–45 எண்களைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் போன வீரர்கள் ஏராளம், தம்பிகள் இருவர் உட்பட.

கூட்டும்போது ஒரு பொறி உண்டு. 1940, 1946 இரண்டிலும் வின்ஸ் சீசன் நடுவில் அணி மாறினார். அட்டவணையில் ஆண்டு மொத்தம் ஒரு வரி, அணிவாரியாக இரண்டு வரி. மூன்றையும் கூட்டினால் அந்த ஆண்டு இரட்டிப்பாகிவிடும். மொத்த வரியை மட்டும் எடுங்கள்.

ஆல்-ஸ்டார் ஆட்டம் இந்த அட்டவணையில் சேராது, தனியே தேட வேண்டும். 1943, ஃபிலடெல்ஃபியா ஷைப் பார்க்: வின்ஸ், மூன்று அட்-பேட், மூன்று ஹிட். ஒற்றை, டிரிபிள் (மூன்றாம் பேஸ் வரை), ஹோம் ரன். ஜோ அப்போது ராணுவத்தில்.