மைக் வாங்கும் முன் வயரின் முனையைப் பாருங்கள்

குரல் பதிவுக்கு மைக் வாங்குகிறவர்கள் எந்த மைக் நல்லது என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். அதன் வயர் கணினியில் எங்கே போய்ச் சேரும் என்ற யோசனை மைக் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். உடனே ஒரு கன்வர்ட்டர் வாங்கிச் செருகுவார்கள். பிளக் கச்சிதமாக உட்காரும், சத்தம் மட்டும் வராது.

துளைக்குள் நுழைகிறதா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியவை மூன்று. மைக் எத்தனை கம்பியில் சிக்னல் அனுப்புகிறது? அந்த சிக்னல் எவ்வளவு வலுவானது? மைக்குக்கு மின்சாரம் வேண்டுமா, வேண்டுமென்றால் அதைத் தருவது யார்? இவற்றுக்கு விடை தெரிந்தால் கனெக்டர் தானாக முடிவாகிவிடும்.

3.5 மி.மீ. பிளக்: கருப்பு வளையத்தை எண்ணுங்கள்

சின்ன பிளக்குகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். உலோகத் தண்டில் உள்ள கருப்பு வளையங்கள்தான் அடையாளம். ஒரு வளையம் என்றால் டிஎஸ், இரண்டு என்றால் டிஆர்எஸ், மூன்று என்றால் டிஆர்ஆர்எஸ்.

மேசைக் கணினியின் பின்புறத்தில் இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு, பச்சை ஹெட்போனுக்கு, நீலம் லைன்-இன்னுக்கு, அதாவது மற்ற ஆடியோ கருவிகளிலிருந்து ஏற்கெனவே வலுவாக வரும் சிக்னலுக்கு. இளஞ்சிவப்புத் துளை இரண்டு வளைய பிளக்கை எதிர்பார்க்கிறது. காலர் மைக்குகளில் இருக்கும் எலெக்ட்ரெட் வகை மைக் வேலை செய்யச் சில வோல்ட் மின்சாரமும் அதிலிருந்தே கிடைக்கும். நீலத் துளையில் அந்த மின்சாரமும் கிடையாது, மைக் சிக்னலைத் தூக்கிவிடும் ஆம்ப்ளிஃபையரும் கிடையாது. அதில் மைக்கைச் செருகிவிட்டு வால்யூமை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

போனுக்கான ஹெட்செட்டில் மூன்று வளையம். இன்று பரவலாக உள்ள சிடிஐஏ முறைப்படி நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது எர்த், அடிப்பகுதி மைக். இதை இளஞ்சிவப்புத் துளையில் செருகினால், கணினி மைக்கைத் தேடும் நுனியில் இடது காதின் கம்பி இருக்கும். உண்மையான மைக்கோ கணினியின் எர்த்தில் போய் முட்டி நிற்கும். பழைய ஓஎம்டிபி முறையில் மைக்கும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். அப்படிப்பட்ட ஹெட்செட்டைப் புதிய கருவியில் போட்டால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், வயரில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும். இந்த அறிகுறி தெரிந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

லேப்டாப்பில் ஒரே துளை இருந்தால் அது பெரும்பாலும் மூன்று வளைய ஹெட்செட்டுக்கானது. இரண்டு வளைய மைக்கை அதில் நேராகச் செருகினால் லேப்டாப் அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு உள்ளிருக்கும் மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும். பதிவில் சுவர் எதிரொலியும் விசைப்பலகைச் சத்தமும் தூக்கலாகக் கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மைக்கின் தலையை விரலால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். சுரண்டும் ஒலி பெரிதாகப் பதியவில்லை என்றால் பதிவது வேறு மைக்.

இதற்குத் தீர்வு ஒரு ஒய் கேபிள்: ஒரு பக்கம் மூன்று வளைய பிளக், மறுபக்கம் மைக்குக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று என இரண்டு துளைகள். இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்பதற்கான ஹெட்போன் ஸ்ப்ளிட்டரும் அச்சாக இதேபோல் இருக்கும், கடைக்காரரும் மாற்றிக் கொடுப்பார். பிளக்கில் மூன்று வளையம், துளைகளின் அருகே மைக் படம், இரண்டும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். போயா பிஒய்-எம்1 போன்ற காலர் மைக்கில் ஒரு சுவிட்ச் உண்டு. போனில் போடும்போது ஒரு நிலை, கேமராவிலும் கணினியிலும் போடும்போது எல்ஆர்44 பேட்டரியில் ஓடும் இன்னொரு நிலை. சுவிட்சைப் பார்க்காமலே மைக் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய.

மேசைக் கணினியில் முன்பக்கத் துளை வசதிதான். ஆனால் அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய வயர் கேபினெட்டுக்குள் மின்விசிறி, கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் உரசிக்கொண்டு போகிறது. மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று ஒரு சத்தம் பதிந்தால் பின்பக்கத் துளைக்கு மாறுங்கள். 3.5 மி.மீ. வயரை 2 மீட்டருக்குமேல் நீட்டிப்பு போட்டு இழுக்காதீர்கள், வெளி இரைச்சலைப் பிடிக்கும்.

எக்ஸ்எல்ஆர்: மூன்று பின் எதற்கு

ஸ்டுடியோ மைக்குகளின் அடியில் உள்ள வட்டமான மூன்று பின் கனெக்டர்தான் எக்ஸ்எல்ஆர். பின் 1 எர்த், பின் 2 சிக்னல், பின் 3 அதே சிக்னலின் தலைகீழ். வழியில் புகும் இரைச்சல் 2, 3 இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். வாங்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் பொதுவாக ஏறிய இரைச்சல் அடிபட்டுப்போகிறது. அதனால்தான் எக்ஸ்எல்ஆர் கேபிளை 20, 30 மீட்டர் இழுத்தாலும் பிரச்சினை வருவதில்லை. வீட்டுக்கு 3 மீட்டர் தாராளம். மைக்கில் பின் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கேபிளின் துளையுள்ள முனை மைக்குக்கு, பின்னுள்ள முனை ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (மைக் சிக்னலைப் பெருக்கி, டிஜிட்டலாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி).

கண்டென்சர் மைக் வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படும் வகை. அதற்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம் வேண்டும். இன்டர்ஃபேஸ் அதை 6.8 கிலோ ஓம் மின்தடை வழியாக 2, 3 இரண்டு பின்களுக்கும் சமமாகத் தருகிறது. டைனமிக் மைக் மின்சாரம் வேண்டாத வகை. அதன் காயில் (காந்தத்தில் அசையும் கம்பிச் சுருள்) இந்த இரண்டு பின்களுக்கும் நடுவில் இருக்கிறது. இருபுறமும் ஒரே வோல்டேஜ் என்பதால் அதன் வழியே மின்சாரம் ஓடாது, 48 வோல்ட் தெரியாமல் ஆனில் இருந்தாலும் மைக் கெடாது. ரிப்பன் மைக் மட்டும் விதிவிலக்கு. கேபிளில் ஒரு தவறான இணைப்பு இருந்தால் போதும், அதன் மெல்லிய தகடு போய்விடலாம். எந்த மைக்காக இருந்தாலும் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) குறைத்து, கேபிளைச் செருகி, அதன்பின் 48 வோல்ட்டை ஆன் செய்யுங்கள். கழற்றும்போது முதலில் ஆஃப் செய்து, பத்துப் பதினைந்து விநாடி விட்டுக் கழற்றுங்கள்.

டைனமிக் மைக்கின் சிக்னல் மிகச் சிறியது. 94 டெசிபல் ஒலி அழுத்தத்தில் ஷூர் எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ட், எஸ்எம்7பி தருவது 1.12 மில்லிவோல்ட். தொழில்முறை லைன் சிக்னலோ 1.23 வோல்ட், ஆயிரம் மடங்கு பக்கம். எஸ்எம்7பிக்கு 60 டெசிபல் கெயின் வேண்டும். இன்டர்ஃபேஸ் வாங்கும்போது அதன் மைக் கெயின் எவ்வளவு என்று பார்த்து வாங்குவது இதற்காகத்தான். இதே மைக்கை கணினியின் இளஞ்சிவப்புத் துளையில் போட்டு, விண்டோஸில் மைக்ரோஃபோன் பூஸ்ட்டை 30 டெசிபல் ஏற்றினால் குரலோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும்.

எக்ஸ்எல்ஆரிலிருந்து 3.5 மி.மீ.: பணம் வீணாகும் இடம்

பிஎம்-800 என்ற பெயரில் பலர் விற்கும் மலிவு கண்டென்சர் மைக்கோடு ஒரு எக்ஸ்எல்ஆர்–3.5 மி.மீ. கேபிளும் வரும். கணினியின் துளை தரும் சில வோல்ட்டில் அந்த மைக் ஏதோ ஓடும், ஆனால் சத்தம் மெலிந்து இருக்கும். சரி என்று தனியாக ஒரு 48 வோல்ட் பெட்டி வாங்கி நடுவில் வைப்பார்கள். சத்தம் ஏறும், ஆனால் இன்னொரு வில்லங்கம் கிளம்பும்.

இந்தக் கேபிள்கள் பலவற்றில் பின் 2 பிளக்கின் நுனிக்கும் பின் 3 நடு வளையத்துக்கும் (இரண்டு கருப்பு வளையங்களுக்கு இடையே உள்ள உலோகப் பகுதி) போகிறது. கணினியின் மைக் துளை ஸ்டீரியோவாக இருந்தால் இடப்பக்கம் குரலும், வலப்பக்கம் அதன் தலைகீழும் பதியும். ஹெட்போனில் கேட்டால் குரல் நடுவில் நிற்காமல் தலைக்குப் பின்னால் பரவிக் கிடப்பதுபோல் இருக்கும். அதையே ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் போட்டால் இரண்டும் கூடி ஒன்றையொன்று அழித்துவிட, குரல் காணாமலே போகும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த ட்ராக்கின் மெனுவில் ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை நீக்கிவிட்டால் குரல் திரும்பக் கிடைக்கும். மோனோவாக ஏற்றுமதி செய்த பிறகு கவனித்தால் மீட்க வழியில்லை.

கேபிளை வாங்கியதும் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துச் சோதியுங்கள். தலைகீழ் சிக்னல் இல்லாமல் ஒற்றைச் சிக்னல் மட்டும் வாங்கும் துளைக்கு பின் 2 நுனிக்கும், 1, 3 இரண்டும் அடிப்பகுதிக்கும் போக வேண்டும், நடு வளையம் காலியாக இருக்க வேண்டும். டைனமிக் மைக்குக்குக் கேபிளை நீங்களே சால்டர் செய்வதானால் பின் 3ஐ வெறுமனே விட்டுவிடாதீர்கள். காயிலின் ஒரு முனை தொங்கினால் சுற்று முழுமையாகாது, சத்தம் வராது. பின் எண்கள் கனெக்டரின் பிளாஸ்டிக்கிலேயே பொடி எழுத்தில் இருக்கும். நியூட்ரிக், ஆம்ஃபெனால் கனெக்டர்களும் இரண்டு கம்பி ஷீல்டு வயரும் சென்னை ரிச்சி தெருவில் சில்லறையாகவே கிடைக்கும்.

காலர் மைக்கை எக்ஸ்எல்ஆர் இன்டர்ஃபேஸில் போட வேண்டிய எதிர்த்திசைக்கு வெறும் அடாப்டர் போதாது. 48 வோல்ட்டை 3 முதல் 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் ரோட் விஎக்ஸ்எல்ஆர் பிளஸ் போன்ற ஒன்று வேண்டும்.

காம்போ துளையில் தடித்த பிளக்

மைக்செட் கடைகளில் வாங்கும் மேடை மைக்குகளோடு வரும் கேபிளில் ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆரும் மறுபக்கம் 6.35 மி.மீ. தடித்த பிளக்கும் இருப்பது வழக்கம். இன்டர்ஃபேஸின் காம்போ துளை இரண்டையும் ஏற்கும். ஆனால் பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் சுற்றியுள்ள மூன்று துளைகள் மைக் ப்ரீஆம்புக்கும் (மைக் சிக்னலைத் தூக்கிவிடும் ஆம்ப்ளிஃபையர்), நடுத்துளை லைன் அல்லது கிதார் உள்ளீட்டுக்கும் போகின்றன. தடித்த பிளக்கைச் செருகினால் கெயினைக் கடைசி வரை திருகினாலும் குரல் எங்கோ தூரத்தில் கேட்கும், 48 வோல்ட்டும் போகாது. இருபுறமும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள் ஒன்று வாங்கினால் தீர்ந்தது. மைக்கை மாற்ற வேண்டாம்.

யூஎஸ்பி

ஒருவர் மட்டும் பேசுவதற்கு இதுதான் தொல்லை குறைந்த வழி. ப்ரீஆம்பும் டிஜிட்டலாக மாற்றும் சிப்பும் மைக்குக்குள்ளேயே இருப்பதால் மேலே சொன்ன பாதிப் பிரச்சினைகள் எழுவதில்லை. மைக்கின் விளக்கு எரிந்தும் கணினி அதைக் காணவில்லை என்றால் சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளைப் போட்டிருக்கலாம், டேட்டா கேபிளாக மாற்றிப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. மின்சாரம் தராத ஹப் வழியாக இணைக்காமல் கணினியில் நேராகச் செருகுங்கள். மைக்கின் உடம்பில் உள்ள 3.5 மி.மீ. துளை உங்கள் குரலைத் தாமதமின்றி ஹெட்போனில் கேட்பதற்கு, இன்னொரு மைக்கைச் செருகுவதற்கு அல்ல.

இரண்டு பேர் உரையாடல் என்றால் இரண்டு யூஎஸ்பி மைக் வாங்காதீர்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம் இருப்பதால் நீண்ட பதிவில் குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். இரண்டு எக்ஸ்எல்ஆர் உள்ளீடு கொண்ட ஓர் இன்டர்ஃபேஸும் இரண்டு டைனமிக் மைக்கும் சரியான தேர்வு. புளூடூத் ஹெட்செட் பதிவுக்கு வேண்டவே வேண்டாம். மைக் ஆன் ஆனதும் பெரும்பாலானவை தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

ஹம் சத்தம் வந்தால்

அடிநாதமாக ஊம் என்று ஒரு சத்தம் பதிந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் பதிந்து பாருங்கள். சத்தம் போய்விட்டால் கேபிள் மேல் குற்றமில்லை. எர்த் சரியில்லாத பிளக் பாயிண்ட்டோ சார்ஜரோதான் காரணம். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவும்போது விரலில் சுருக்கென்று ஓர் அதிர்வு தெரிவதும் அதே குறைதான். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டால் சத்தம் நிற்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. ஹம்மைத் தடுக்கக் கணினிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே போடும் யூஎஸ்பி ஐசொலேட்டர்களில் மலிவானவை பலவும் 12 மெகாபிட் வேகத்தோடு நிற்பவை. அதிவேக யூஎஸ்பி கேட்கும் இன்டர்ஃபேஸ் அவற்றில் ஓடாது.

பேட்டரியிலும் சத்தம் தொடர்ந்தால் கேபிளை மைக் முனையில் கழற்றுங்கள். சத்தம் நின்றால் மைக்கையோ அறையில் உள்ள டிம்மர் விளக்கையோ சந்தேகியுங்கள். நிற்காவிட்டால் கேபிளை இரு முனையிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். கரகரப்பு வந்து போனால் உள்ளே ஷீல்டு அறுந்திருக்கிறது. அந்த முனையை வெட்டி, புதிதாக சால்டர் செய்தால் கேபிள் மறுபடி உழைக்கும்.